பஸ்ஸில் ஏறிய சத்தியாகிரகம்

ஏரவாடா சிறையில் பட்டை தீட்டப்பட்ட ஒரு போராட்ட முறை அமெரிக்காவின் நகர பஸ் வரை போனது. அதைச் சாதாரண ஜனங்களின் கையில் கொண்டு சேர்த்தது ஒரு 16 பக்க காமிக்ஸ். அதை வரைந்தவர் யார் என்பது அறுபது ஆண்டுகள் வெளியே தெரியவில்லை. ஆனால் அவர் தூரிகை தமிழ்நாட்டுச் சிறுவர்களுக்கு நன்றாகப் பழக்கமானது.

புனே ரயில் நிலையத்தின் பக்கத்திலிருந்து ஏரவாடா போகும் நகர பஸ்ஸில் காலை நேரத்தில் ஏறினால் நிற்க இடம் கிடைப்பதே பெரிய காரியம். பண்ட் கார்டன் பாலத்தைத் தாண்டுவதற்குள் கண்டக்டர் "புடே சலா, புடே சலா" என்று பத்து தடவையாவது குரல் கொடுத்துவிடுவார். முன்னால் போங்கள் என்று அர்த்தம். யார் என்ன ஜாதி, எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை. கேட்பதெல்லாம் சில்லறைதான். சிறையின் பெயரையே சூட்டிக்கொண்ட ஜெயில் ரோட்டில் பஸ் திரும்பும்போது, மரங்களுக்குப் பின்னால் 1871-ல் எழுந்த ஏரவாடா மத்திய சிறையின் சுவர் தெரிகிறது. ஜன்னலோரப் பயணிகள் பெரும்பாலும் அதைப் பார்ப்பதுகூட இல்லை. தினமும் பார்க்கும் சுவர்தானே.

பஸ்ஸுக்கும் சுவருக்கும் சம்பந்தம் உண்டு. அந்தச் சம்பந்தத்தைச் சொல்ல அமெரிக்கா வரை போய்த் திரும்ப வேண்டும்.

1955-ல் அலபாமா மாநிலத்தின் மான்ட்கோமரி நகர பஸ்ஸில் டிரைவர் "நகருங்கள்" என்றால் அர்த்தமே வேறு. முன்பக்கத்துப் பத்து இருக்கைகள் வெள்ளையருக்கு. கறுப்பர்கள் முன்வாசலில் காசு கொடுத்துவிட்டு இறங்கிப்போய்ப் பின்வாசல் வழியாக ஏற வேண்டும். சில சமயம் அவர்கள் பின்வாசலை அடைவதற்குள் பஸ் கிளம்பிவிடும். காசு போனது போனதுதான். வெள்ளையர் இருக்கைகள் நிரம்பிவிட்டால் அடுத்த வரிசையில் உட்கார்ந்திருக்கும் கறுப்பர்கள் எழுந்து இடம் விட வேண்டும். இத்தனைக்கும் அந்த பஸ் கம்பெனிக்குச் சோறு போட்டவர்களே கறுப்பர்கள்தான். பயணிகளில் ஏறக்குறைய முக்கால்வாசி அவர்களே.

அந்த ஆண்டு மார்ச்சில் கிளாடெட் கால்வின் என்ற 15 வயது மாணவி எழுந்திருக்க மறுத்துக் கைதானாள். டிசம்பர் 1 அன்று தையல்காரரான ரோசா பார்க்ஸ் மறுத்தார். அபராதம் 10 டாலர், கோர்ட் செலவு 4 டாலர். ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை இரவோடு இரவாக ஆயிரக்கணக்கான துண்டுப் பிரசுரங்களைக் கல்லூரி மிஷினில் உருட்டித் தள்ளினார். டிசம்பர் 5, திங்கட்கிழமை காலை, கறுப்பர்கள் ஏறாமல் பஸ்கள் காலியாக ஓடின. அன்று தொடங்கிய பகிஷ்காரம் 381 நாள் நீடித்தது. தலைமை தாங்கிய பாதிரியார் மார்ட்டின் லூதர் கிங்குக்கு அப்போது வயது 26.

காந்தியின் பெயரை எடுத்தது யார்?

இந்தப் போராட்டத்தை முதல் நாளிலிருந்தே காந்தி வழிப் போராட்டம் என்று யாரும் நினைக்கவில்லை. தேவாலயத்தில் கூடியவர்களுக்குத் தெரிந்தது ஏசுவின் மலைப் பிரசங்கம்தான். காந்தியின் பெயரை அங்கே முதலில் எடுத்தவர்களில் ஒருவர் வெள்ளைக்காரப் பெண்மணி. ஜூலியட் மார்கன், அந்த ஊர் நூலகர். அவரும் பஸ்ஸில் போய்வந்தவர். அங்கே நடந்ததைத் தினமும் கண்ணால் கண்டவர். போராட்டம் தொடங்கிய ஒரே வாரத்தில் 'மான்ட்கோமரி அட்வர்டைசர்' நாளிதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்த ஜனங்கள் செய்வது 1930-ல் காந்தி நடத்திய உப்பு யாத்திரை போலவே இருக்கிறது என்பது அதன் சாரம். கிங் பின்னாளில் எழுதிய புத்தகத்தில் இந்தக் கடிதத்தை நன்றியோடு நினைவுகூர்கிறார். மார்கனுக்கு ஊர் நன்றி சொல்லவில்லை. மிரட்டல், ஏளனம், ஒதுக்கல் எல்லாம் வந்தன. 1957-ல் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

உப்பு யாத்திரை முடிந்த இடம் தண்டி என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். காந்தியின் பயணம் உண்மையில் நின்ற இடம் ஏரவாடா. 1930 மே 5 நள்ளிரவில், தண்டிக்கு அருகில் கராடி என்ற கிராமத்தில் கைது செய்து அவரை இங்கேதான் கொண்டுவந்தார்கள்.

அவருக்கு இந்தச் சிறை புதிதல்ல. 1922-ல் ஆறு ஆண்டுத் தண்டனை பெற்று வந்தபோதே பழக்கம். 1923 நவம்பரில் இங்கே உட்கார்ந்துதான் தென்னாப்பிரிக்க சத்தியாகிரகத்தின் வரலாற்றைச் சொல்லச் சொல்ல, உடனிருந்த கைதி இந்துலால் யாக்னிக் எழுதத் தொடங்கினார். தில்லையாடி வள்ளியம்மையையும் நேட்டாலின் தமிழ்க் கூலிகளையும் உலகம் மறக்காமல் இருக்க அந்த நூலும் ஒரு காரணம். 1930-ல் வாரந்தோறும் செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் சபர்மதி ஆசிரமத்துக்குக் கடிதம் எழுதினார். சத்தியம், அகிம்சை, தீண்டாமை ஒழிப்பு என்று வாரம் ஒரு விஷயம். சிறைக்கு அவர் வைத்த பெயர் 'ஏரவாடா மந்திர்'. கோயில் என்று சொன்னாலும் நடந்தது பட்டறை வேலை. ஊர் ஊராக நடத்திப் பார்த்த போராட்டத்தைப் பிறரும் கற்றுக்கொள்ளும்படி எழுத்தில் வடித்த இடம் இது.

அங்கிருந்து மான்ட்கோமரிக்கு அது பல கைகள் மாறிப் போனது. 1920களில் இந்தியாவுக்கு வந்து காந்தியோடு இருந்த ரிச்சர்ட் கிரெக் என்ற அமெரிக்க வக்கீல் 1934-ல் அகிம்சையின் ஆற்றல் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 1956 தொடக்கத்தில் கிங்கின் வீட்டு வாசலில் குண்டு வெடித்த சில வாரங்களில், நியூயார்க்கிலிருந்து பேயர்ட் ரஸ்டினும் கிளென் ஸ்மைலியும் அடுத்தடுத்து வந்து சேர்ந்தார்கள். ரஸ்டின் 1948-ல் இந்தியா வந்து போனவர். ஸ்மைலி, 'ஃபெலோஷிப் ஆஃப் ரிகன்சிலியேஷன்' என்ற கிறிஸ்தவ சமாதான அமைப்பின் ஊழியர், வெள்ளையர். கிரெக்கின் புத்தகத்தைக் கிங்கிடம் கொடுத்தவர் அவர்தான்.

இன்னொரு கை மகாராஷ்டிரத்திலேயே இருந்தது. கொரியப் போருக்குப் போக மறுத்துச் சிறை சென்ற ஜேம்ஸ் லாசன் என்ற கறுப்பின இளைஞர் 1953 முதல் நாகபுரி ஹிஸ்லாப் கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டு காந்தியைப் படித்துவந்தார். 1955 டிசம்பரில் ஒருநாள் 'நாகபுரி டைம்ஸ்' பத்திரிகையைப் பிரித்தவருக்குக் கண்ணில் பட்டது மான்ட்கோமரி பஸ் செய்தி. தேடி வந்த பொருள் சொந்த நாட்டிலேயே நடக்கிறது! மறு ஆண்டே ஊர் திரும்பினார். கிங்கைச் சந்தித்தபோது, உடனே தெற்கே வாருங்கள் என்றார் கிங். 2024-ல் 95-வது வயதில் காலமாகும்வரை லாசன் அந்த வேலையை விடவில்லை.

பத்து சென்ட் பாடம்

புத்தகம் படிப்பவர்கள் எத்தனை பேர்? கிரெக்கின் நூல் பாதிரியார்களுக்கும் மாணவர்களுக்கும் சரி. வயலில் பருத்தி எடுப்பவர்களுக்கும் அடுப்படியில் வேலை செய்பவர்களுக்கும் எப்படிச் சொல்வது? ஸ்மைலியின் அமைப்பில் பிரசுரங்களைக் கவனித்துவந்த ஆல்ஃபிரெட் ஹாஸ்லர் சொன்ன யோசனை: காமிக்ஸ் போடுவோம்.

அன்றைய நிலையில் அது துணிச்சலான யோசனை. 1954-ல்தான் ஃபிரெட்ரிக் வெர்தாம் என்ற மனநல மருத்துவர் காமிக்ஸ் குழந்தைகளைக் கெடுக்கிறது என்று புத்தகம் எழுதிப் பெரிய களேபரம் ஆகியிருந்தது. அமெரிக்க செனட் விசாரணை நடத்தியது. பதிப்பாளர்கள் பயந்துபோய்த் தங்களுக்குத் தாங்களே தணிக்கை விதி வைத்துக்கொண்டார்கள். படித்த வீடுகளில் காமிக்ஸ் என்றாலே முகச்சுளிப்பு. அந்தச் சமயத்தில் பாதிரியார்கள் நிறைந்த ஒரு சமாதான அமைப்பு காமிக்ஸ் போடக் கிளம்பியது.

'ஃபண்ட் ஃபார் த ரிபப்ளிக்' அறக்கட்டளை 5,000 டாலர் கொடுத்தது. காமிக்ஸ் தொழிலில் ஊறிய பென்டன் ரெஸ்னிக்கும் ஹாஸ்லரும் சேர்ந்து கதையை எழுதினார்கள். கிங் வரைவைப் பார்த்துத் திருத்தம் சொன்னார். 1957 டிசம்பரில் 'மார்ட்டின் லூதர் கிங்கும் மான்ட்கோமரிக் கதையும்' வெளியாயிற்று. 16 பக்கம், வண்ணம், விலை பத்து சென்ட். அச்சானவை சுமார் இரண்டரை லட்சம் பிரதிகள். கடைகளை நம்பாமல் தேவாலயங்கள், பள்ளிகள், சங்கங்கள் வழியாகக் கைக்குக் கை போயின.

கதை சொல்பவர் கிங் அல்ல. ஜோன்ஸ் என்ற பெயரில் ஊர்க்காரர் ஒருவர், கூட்டத்தில் ஒருவர். ரோசா பார்க்ஸின் கைது, நடந்தே வேலைக்குப் போன ஜனங்கள், குண்டுவெடிப்பு, கடைசியில் வெற்றி என்று படம் படமாகப் போகிறது. நடுவில் காந்தி வருகிறார். இந்தியா எப்படி விடுதலை பெற்றது என்று சில கட்டங்களில் சொல்லி முடிக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் அசல் சரக்கு. இந்த முறையை நீங்கள் உங்கள் ஊரில் எப்படிச் செய்வது என்று படிப்படியாக விளக்கும் பக்கங்கள். எதிராளியும் மனுஷன்தான் என்று நினை, அடி விழுந்தால் என்ன செய்வாய் என்பதை முன்கூட்டியே யோசித்துவை, பழகிப் பார்.

பழகிப் பார் என்பது வெறும் பேச்சல்ல. 1956 நவம்பர் 13 அன்று பஸ் பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் உறுதி செய்த பிறகு, மான்ட்கோமரி தேவாலயங்களில் நாற்காலிகளை பஸ் போல வரிசையாகப் போட்டு ஒத்திகை பார்த்தார்கள். ஒருவர் டிரைவர், சிலர் வெள்ளையர், சிலர் கறுப்பர். திட்டினால், தள்ளினால், துப்பினால் எப்படி நடந்துகொள்வது? நாடக ஒத்திகை போல மாறி மாறி நடித்தார்கள். டிசம்பர் 21 விடியற்காலை கிங் முதல் பஸ்ஸில் ஏறியபோது பக்கத்தில் உட்கார்ந்தவர் ஸ்மைலி. அடுத்த நாட்களில் பஸ்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. தேவாலயங்களில் குண்டு வெடித்தது. கறுப்பர்கள் திருப்பி அடிக்கவில்லை.

வேதாளரின் தூரிகை

இனி அந்த ஓவியர் விஷயம். காமிக்ஸில் அவர் பெயர் இல்லை. பல ஆண்டுகள் ஆராய்ந்தவர்களும் கையை விரித்தார்கள். 2018-ல்தான் விடை கிடைத்தது: சை பாரி.

சை பாரி 1961 முதல் 1994 வரை தினசரிப் பத்திரிகைகளில் 'ஃபேன்டம்' தொடரை வரைந்தவர். தமிழில் வேதாளர் என்றும் முகமூடி மாயாவி என்றும் அறியப்பட்ட அதே மண்டை ஓட்டு மோதிரக்காரர். 1964-ல் பம்பாயில் தொடங்கிய 'இந்திரஜால் காமிக்ஸ்' வழியாக இந்தியச் சிறுவர்களிடம் வந்து, பிறகு சிவகாசி 'முத்து காமிக்ஸ்', 'ராணி காமிக்ஸ்' என்று தமிழ் வீடுகளுக்குள் புகுந்தவர். அவற்றில் வந்த கதைகளில் பலவும் பாரி வரைந்தவை. கோடை விடுமுறையில் வாடகைக்கு எடுத்த காமிக்ஸைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்துப் படித்த தலைமுறைக்கு அந்தக் கோடுகள் மனப்பாடம்.

யோசித்தால் விசித்திரமாகத்தான் இருக்கிறது. வேதாளர் கதையில் ஒரு வெள்ளைக்கார வீரர் காட்டு ஜனங்களைக் காப்பாற்றுகிறார். ஜனங்கள் முரசு கொட்டிக் காத்திருக்கிறார்கள். பஸ் கதையில் காப்பாற்ற முகமூடி வீரர் யாரும் வரவில்லை. சமையல்காரப் பெண்களும் கூலிக்காரர்களும் மழையிலும் வெயிலிலும் நடந்து தங்களைத் தாங்களே காப்பாற்றிக்கொண்டார்கள். இரண்டையும் வரைந்தது ஒரே கை. ஒன்றில் பெயர் போட்டுக்கொண்டார், மற்றதில் போடவில்லை. நம்மூர்ப் பெட்டிக்கடைக் கயிற்றில் தொங்கியது முதல் ரகம்தான்.

பெயரில்லாத அந்த 16 பக்கம் சும்மா இருக்கவில்லை. லாசன் அதைக் கையோடு எடுத்துப்போய் நாஷ்வில் நகரில் மாணவர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தினார். அவர்களில் ஒருவர் ஜான் லூயிஸ். இளம் வயதில் அந்தக் காமிக்ஸைப் படித்தவர். பின்னாளில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரானார். அதே நன்றிக்கடனோடு தன் வாழ்க்கையையே 'மார்ச்' என்ற மூன்று பாகப் படக்கதையாக ஆண்ட்ரூ ஐடினுடன் எழுதினார். வரைந்தவர் நேட் பவல். மூன்றாம் பாகம் 2016-ல் அமெரிக்காவின் தேசியப் புத்தக விருதைப் பெற்றது. பழைய காமிக்ஸ் அரபியிலும் மொழிபெயர்க்கப்பட்டு, கெய்ரோவில் 2011 எழுச்சிக்கு முன்பே எகிப்திய இளைஞர்கள் கையில் இருந்தது.

சிறை மரத்தடியின் மறுபக்கம்

காமிக்ஸ் சொல்லாமல் விட்ட ஒன்றும் உண்டு. அது ஏரவாடாவின் மறுபக்கம்.

1932-ல் தாழ்த்தப்பட்டோருக்குத் தனித் தொகுதிகள் என்று பிரிட்டிஷ் அரசு அறிவித்தபோது, அதை எதிர்த்து இந்தச் சிறையில்தான் காந்தி சாகும்வரை உண்ணாவிரதம் தொடங்கினார். செப்டம்பர் 20. எதிரில் நின்றது பிரிட்டிஷ் வைசிராய் மட்டுமல்ல. போராடிப் பெற்றதை விட்டுக்கொடுக்கும்படி நெருக்கப்பட்டவர் அம்பேத்கர். காந்தி இறந்தால் நாடெங்கும் சேரிகளின் கதி என்ன ஆகும் என்ற கவலை அவர் தலைமேல் கத்தியாகத் தொங்கியது. செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. தனித் தொகுதி போயிற்று. ஒதுக்கீட்டு இடங்கள் 71-லிருந்து 148 ஆயின. ஒப்பமிட்டவர்களில் ராஜாஜி, இரட்டைமலை சீனிவாசன், எம்.சி. ராஜா ஆகிய நம்மவர்களும் உண்டு. அன்று ஏற்ற ஒப்பந்தத்தை அம்பேத்கர் பின்னாளில் மிகக் கடுமையாக விமர்சித்தார். பட்டினியும் ஓர் ஆயுதம்தான், அது யார் மீது வைக்கப்படுகிறது என்பதே கேள்வி என்ற வாதம் அன்றிலிருந்து ஓயவில்லை.

வண்டியில் ஏறும் உரிமை என்றால் என்ன என்பதை அம்பேத்கருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1929-ல் இதே மகாராஷ்டிரத்தில் சாலிஸ்கான் ஊரில் அவரை ஏற்றிக்கொண்டு ஓட்ட எந்த டாங்காக்காரரும் சம்மதிக்கவில்லை. லண்டனிலும் நியூயார்க்கிலும் பட்டம் பெற்ற பாரிஸ்டர் அவர். வண்டியோட்டிப் பழக்கமில்லாத சொந்த ஜனங்களில் ஒருவரே குதிரையைப் பிடிக்க, வண்டி கவிழ்ந்து அம்பேத்கருக்குக் கால் முறிந்தது. லாசன் பஸ் செய்தி படித்த அதே நாகபுரியில்தான் 1956 அக்டோபர் 14 அன்று அம்பேத்கர் லட்சக்கணக்கானவர்களோடு பௌத்தம் தழுவினார். மான்ட்கோமரியில் ஜனங்கள் அப்போது பதினோராவது மாதமாக நடந்துகொண்டிருந்தார்கள்.

அவர் கதைக்கும் பிறகு படக்கதை வந்தது. 2011-ல் வெளியான 'பீமாயணா'வில் மத்தியப் பிரதேசத்தின் கோண்டு ஓவியர்களான துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் அம்பேத்கரின் வண்டிப் பயணங்களைத் தங்கள் மரபில் தீட்டியிருக்கிறார்கள். கட்டம் போட்டு மனிதர்களை அடைக்க மாட்டோம் என்று சொல்லி, அமெரிக்கக் காமிக்ஸின் சதுரக் கட்டங்களையே அவர்கள் கைவிட்டார்கள்.

விருதுநகர் பஸ்

தமிழ்நாட்டு பஸ்ஸுக்கும் இந்த வரலாற்றில் பங்கு உண்டு. மான்ட்கோமரிக்குக் கால் நூற்றாண்டு முன்பே, 1920களின் இறுதியில், ராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்தவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். சென்னை பாண்டி பஜார் தாங்கி நிற்பது இவர் பெயரைத்தான். தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மறுக்கும் பஸ்களின் லைசென்ஸ் ரத்து என்று உத்தரவு போட்டார். பஸ் முதலாளிகள் முணுமுணுத்தார்கள், ஆனால் ஏற்றினார்கள். 381 நாள் நடக்காமல் ஒரு கையெழுத்தில் காரியம் முடிந்தது.

ஆனால் முடிந்ததா? அதே பழைய ராமநாதபுரம் ஜில்லாவிலிருந்து பிரிந்த விருதுநகரில் 1997-ல் புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு, கட்டபொம்மனின் தளபதியான வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரைச் சூட்டியது அரசு. தலித் தலைவர் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. கலவரம் மூண்டது, உயிர்கள் போயின. கடைசியில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள், மன்னர்கள் பெயர்கள் நீக்கப்பட்டன. பல்லவன், சேரன், பாண்டியன் எல்லாமே போயிற்று. மான்ட்கோமரியில் பஸ்ஸைப் பகிஷ்கரித்தவர்கள் சமமாக உட்காரக் கேட்டார்கள். இங்கே பகிஷ்கரித்தவர்கள் சமமாக உட்கார மாட்டோம் என்றார்கள். ஆயுதம் ஒன்றேதான்.

அதனால்தான் அந்தப் பத்து சென்ட் காமிக்ஸின் கடைசிப் பக்கங்கள் முக்கியமானவை. ஏறாமல் இருப்பதை மட்டும் அவை கற்றுத்தரவில்லை. ஏறிய பிறகு பக்கத்து இருக்கைக்காரரிடம் எப்படி நடந்துகொள்வது என்பதையும் சேர்த்தே கற்றுத்தந்தன. உத்தரவும் தீர்ப்பும் பஸ்ஸின் கதவைத் திறக்கும். உள்ளே நடப்பதற்கு ஒத்திகை தேவைப்படுகிறது.

2021 ஜனவரி 26 அன்று மகாராஷ்டிர அரசு தன் சிறைச் சுற்றுலாவை ஏரவாடாவிலிருந்துதான் தொடங்கியது. காந்தி இருந்த பகுதியையும், ஒப்பந்தம் கையெழுத்தான மாமரத்தடியையும் அதில் காட்டுகிறார்கள். 2024 முதல் ஏரவாடாவுக்கு மெட்ரோ ரயிலும் வந்துவிட்டது. ஆனாலும் ஜெயில் ரோட்டு பஸ்ஸில் கூட்டம் குறையவில்லை. கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே வருகிறார். புடே சலா, முன்னால் போங்கள். எல்லாரையும் பார்த்து ஒரே குரலில்தான் சொல்கிறார்.